பேக்-12 உடைஞ்சப்போ புல்மன் ஊருக்கு என்ன ஆச்சு

கேள்வி இதுதான்: அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) டீமுங்க ஒரு கான்ஃபரன்ஸ, அதாவது தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜுங்களோட சங்கத்த, விட்டு இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு தாவறாங்களே, அதனால அந்த யூனிவர்சிட்டிக்கும் அது இருக்கிற ஊருக்கும் நெஜமாவே ஏதாவது பாதிப்பு உண்டா, இல்ல ரசிகர்கள் சும்மா பொலம்பறதுதானா?

உண்டு. ஆனா ஊரே காலி ஆயிடுச்சுன்னு நியூஸ்ல காட்டின அளவுக்கெல்லாம் இல்ல, அடி விழுந்த இடமும் எல்லாரும் நெனைக்கிற இடம் இல்ல. பொதுவா பேசிட்டே போனா எதுவும் பிடிபடாது, அதனால பேக்-12ங்கற பசிபிக் கரை கான்ஃபரன்ஸ் 2023-ல உடைஞ்சப்போ மாட்டின ஒரே ஒரு ஊர வெச்சு சொல்றேன், புல்மன். வாஷிங்டன் மாநிலத்தோட கிழக்கு ஓரம், ஐடஹோ எல்லைய ஒட்டி இருக்கு. வாஷிங்டன் ஸ்டேட் யூனிவர்சிட்டி அங்கதான். சியாட்டில்ல இருக்கிறது யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன், அது வேற, ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை, கொழப்பம் வேண்டாம்னு இனிமே புல்மன் காலேஜ வெறும் ‘ஸ்டேட்’னும் மத்தவங்கள ‘சியாட்டில்காரங்க’ன்னும் சொல்றேன்.

புல்மன சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயல்தான், மேடும் பள்ளமுமா போயிட்டே இருக்கும், அந்த நிலப்பரப்புக்கு பலூஸ்னு பேரு. கோதுமைக்கு அடுத்தபடியா மசூர் பருப்பு வகையறாவும் கொண்டைக்கடலையும், ஆகஸ்ட்ல பருப்புக்குன்னே ஒரு திருவிழா நடத்தறாங்கன்னா பாத்துக்கோங்க. 2020 சென்சஸ்படி ஊர்ல மொத்த ஜனமே ஸ்டூடண்ட்ஸையும் சேத்து கிட்டத்தட்ட 33,000. மார்ட்டின் ஸ்டேடியத்துல உக்கார்ற எடம் எவ்வளவுன்னா அதுவும் கிட்டத்தட்ட 33,000! பக்கத்துல பெரிய ஊருன்னா ஸ்போகேன், 120 கிலோமீட்டர். சியாட்டில் 460 கிலோமீட்டர், கார்ல அஞ்சு மணி நேரம், ஆனா இங்க படிச்சு முடிச்சவங்கள்ல பெரிய கூட்டம் வேலை பாக்கறது சியாட்டில் பக்கம்தான். இந்த தூரத்த மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் முக்கியம்.

கான்ஃபரன்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா: பத்து பன்னண்டு யூனிவர்சிட்டி சேந்து ஒரு சங்கம், அதுக்குள்ளயே மேட்ச் ஆடிப்பாங்க, டிவி உரிமைய சேத்து வித்து பங்கு போட்டுப்பாங்க. 1984 வரைக்கும் டிவில எத்தன மேட்ச் காட்டலாம்ங்கறதையே என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுக்கெல்லாம் மேல இருக்கிற தேசிய அமைப்பு) தான் முடிவு பண்ணிட்டு இருந்துச்சு, ஒக்லஹோமா யூனிவர்சிட்டியும் ஜார்ஜியா யூனிவர்சிட்டியும் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அத ஒடச்சு விட்டுச்சு, அன்னிலேர்ந்து யாரு எந்த சங்கத்துல இருக்காங்கங்கறது விளையாட்டு விஷயமா இல்லாம டிவி வியாபாரமா மாறிடுச்சு.

ஸ்டேட் இந்தப் பசிபிக் கரை கான்ஃபரன்ஸ்ல சேந்தது 1917-ல. பேரு பேக்-8, பேக்-10, 2011-லேர்ந்து பேக்-12னு மாறிட்டே வந்துச்சு. 2022 ஜூன் கடைசில லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்ங்கற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸுக்கு போறோம்னு சொன்னாங்க, அதாவது லாஸ் ஏஞ்சலஸ்ங்கற மார்க்கெட்டே கையவிட்டுப் போச்சு. 2023 ஜூலைல கொலராடோ, பிக் 12ங்கற வேற ஒரு கான்ஃபரன்ஸுக்கு. மிச்சம் ஒம்போது பேரு, ஆப்பிள் கம்பெனி ஒரு ஸ்ட்ரீமிங் ஆஃபர் குடுத்திருந்துச்சு, ஆகஸ்ட் 4 காலைல எல்லாரும் கையெழுத்து போட்டுருவாங்கன்னு எதிர்பார்த்துட்டு இருந்தப்போ அன்னிக்கே ஓரிகனும் சியாட்டில்காரங்களும் பிக் டென்னுக்கு, அரிஸோனா, அரிஸோனா ஸ்டேட், யூட்டா மூணும் பிக் 12-க்கு. ஒரே நாள்ல அஞ்சு பேரு. செப்டம்பர் 1-ம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு போனாங்க, பசிபிக் கரைல உக்காந்துட்டு அட்லாண்டிக்! நின்னது ரெண்டே பேரு, புல்மன்ல ஸ்டேட், கார்வாலிஸ்ல ஓரிகன் ஸ்டேட்.

ஏன் இவங்கள யாரும் கூப்பிடலன்னு கேப்பீங்க. மோசமான டீம்னு இல்ல. 2018-ல மைக் லீச் கோச்சா இருந்தப்போ, மீசைக்காரர் கார்ட்னர் மின்ஷூ குவாட்டர்பேக்கா (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவர்) 11 மேட்ச் ஜெயிச்சாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல ஈஎஸ்பிஎன்னோட ‘காலேஜ் கேம்டே’ ஷோ புல்மனுக்கே வந்துச்சு, அதுக்கு முன்னாடி 2003-லேர்ந்து அந்த ஷோ எந்த ஊர்ல நடந்தாலும் பின்னாடி கூட்டத்துல இவங்க காலேஜ் கொடிய ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தூக்கிட்டுப் போய் ஆட்டிட்டே இருந்தாங்க, கொடிய பார்சல்ல ஊர் ஊரா அனுப்பி வெச்சு! இவ்வளவு பைத்தியமான ரசிகர் கூட்டம் இருந்தும் டிவிக்காரன் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான், இந்த காலேஜ சேத்தா புதுசா எந்த நகரம் கைக்கு வரும்னு. சியாட்டில் ஏற்கனவே சியாட்டில்காரங்க மூலமா கெடச்சாச்சு. புல்மன்ல என்ன இருக்கு, கோதுமை இருக்கு. இதுதான் என் கணிப்பு, இதுக்கு மேல பெரிய மர்மம் எதுவும் இருக்கறதா எனக்குத் தோணல.

சரி, காலேஜுக்கு என்ன ஆச்சு. பேக்-12 நல்லா இருந்த கடைசி வருஷங்கள்ல ஒவ்வொரு காலேஜுக்கும் வருஷத்துக்கு 30 மில்லியன் டாலருக்கு மேல பங்கு வந்துட்டு இருந்துச்சு. மவுண்டன் வெஸ்ட் மாதிரி அடுத்த தட்டு கான்ஃபரன்ஸ்ல அது ஒத்த இலக்க மில்லியன்தான். இந்த வித்தியாசத்த எல்லாரும் பேசறாங்க. யாரும் அவ்வளவா பேசாதது கடன். 2011-ல பேக்-12 ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் கூட 12 வருஷத்துக்கு 3 பில்லியன் டாலர் டீல் போட்டுச்சு, அந்த ஜோர்ல ஸ்டேட் 2012-ல ஸ்டேடியத்துக்கு மேல பணக்காரங்க உக்கார்ற அடுக்கு ஒண்ணு கட்டுச்சு, சுமார் 65 மில்லியன், 2014-ல ஃபுட்பால் டீமுக்குன்னு தனி கட்டடம், சுமார் 61 மில்லியன். பின்னாடி வரப்போற காச நம்பி முன்னாடியே கட்டினது. கான்ஃபரன்ஸ் தானே நடத்தின பேக்-12 நெட்வொர்க் சேனல் வேற பெருசா கொட்டும்னு நெனச்சாங்க, டைரக்டிவிங்கற சாட்டிலைட் டிவி கம்பெனி கூட கடைசி வரைக்கும் டீலே அமையல, எதிர்பார்த்ததுல பாதி கூட வரல. அப்பறம் கான்ஃபரன்ஸே போச்சு. ஆனா கட்டடத்துக்கு பாண்டு (கடன் பத்திரம்) போட்டு வாங்கின கடனுக்கு கட்ட வேண்டிய தவணை போகுமா? அது யாரு எந்த லீக்ல இருக்கானு பாக்காது. ஒரு காலேஜ் கீழ எறங்கும்போது வருமானம் ஒரு ராத்திரில எறங்கும், செலவு பத்து இருபது வருஷத்துக்கு பழைய உயரத்துலயே நிக்கும். கார்வாலிஸ்லயும் இதே கததான், அவங்க ஸ்டேடியத்த புதுசாக்கறதுக்கு சுமார் 160 மில்லியன் செலவு பண்ணி 2023-ல தொறக்கறாங்க, அதே வருஷம் கான்ஃபரன்ஸ் உடையுது, என்ன ஒரு நேரம் பாருங்க.

அடுத்தது ஆளுங்க. இது பணத்த விட வேகமா நடந்துச்சு. கேம் வார்ட்னு குவாட்டர்பேக், 2023 சீசன் முடிஞ்சதும் மயாமிக்கு போனாரு, 2025 என்எஃப்எல் டிராஃப்ட்ல (தொழில்முறை லீக் புது ஆளுங்கள தேர்ந்தெடுக்கறது) மொத ஆளா எடுத்தாங்க. அவருக்கு அடுத்து வந்த ஜான் மட்டீர் ஒரே வருஷத்துல ஒக்லஹோமாவுக்கு. ஹெட் கோச் ஜேக் டிக்கர்ட் 2024 முடிவுல வேக் ஃபாரஸ்டுக்கு, அவருக்குப் பதிலா வந்த ஜிம்மி ராஜர்ஸ் ஒரே சீசன்ல அயோவா ஸ்டேட்டுக்கு. பாஸ்கெட்பால் கோச் கைல் ஸ்மித் 2024-ல ஸ்டான்ஃபோர்டுக்கு. இதெல்லாத்தையும் விட ஊர்க்காரங்க வயிறு எரிஞ்சது ஸ்போர்ட்ஸ் டைரக்டர் பேட் சன் விஷயத்துல, 2024 மார்ச்ல அவரு போனது எங்கன்னு நெனைக்கிறீங்க? சியாட்டில்காரங்ககிட்டயே! பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் 2023 மார்ச்ல பேக்-12 டோர்னமெண்ட் ஜெயிச்சுச்சு, ஸ்டேட்ல எந்த பொண்ணுங்க டீமும் அதுக்கு முன்னாடி பேக்-12 பட்டம் வாங்கினதே இல்ல, அந்த டீமோட ஸ்டார் ஷார்லிஸ் லெஜர்-வாக்கர் அடுத்த வருஷமே யூசிஎல்ஏ போயிட்டாங்க. பிளேயர் எத்தன தடவ வேணாலும் டிரான்ஸ்ஃபர் ஆகலாம்ங்கற ரூலும், 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட செட்டில்மெண்ட்படி ஒரு காலேஜ் மொத வருஷத்துல 20.5 மில்லியன் வரைக்கும் பிளேயர்ஸுக்கு நேரா பங்கு குடுக்கலாம்ங்கறதும் சேந்து வந்ததுனால, கான்ஃபரன்ஸ் போனா ஆளும் போயிடுவான்னு ஆயிடுச்சு. முந்தியெல்லாம் கீழ எறங்கினாலும் இருக்கிற டீம வெச்சு நாலு வருஷம் ஓட்டலாம்.

அதே 2025 ஜூன்ல ஸ்டேட் தன்னோட டிராக் அண்ட் ஃபீல்டுல தாண்டறது, எறியறதெல்லாத்தையும் நிறுத்திட்டு, ஸ்பிரிண்ட், ஹர்டில்ஸையும் சுருக்கி, நெடுந்தூர ஓட்டம் மட்டும் பிரதானம்னு சொல்லிடுச்சு. ஃபுட்பால் பாக்காதவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியும். கென்யாலேர்ந்து வந்து இந்த காலேஜ்ல படிச்ச ஹென்றி ரோனோ 1978-ல 81 நாளைக்குள்ள நாலு உலக ரெக்கார்ட் போட்டாரு, 3,000 மீட்டர், 5,000, 10,000, ஸ்டீபிள்சேஸ். ஒலிம்பிக் ஓட்டக்காரர் பெர்னார்ட் லகாட்டும் இங்க ஓடினவர்தான். அப்படிப்பட்ட டிராக் பரம்பரை உள்ள எடத்துல ஒரு ஈட்டி எறியற பையன கூப்பிட்டு உனக்கு இங்க எடம் இல்லன்னு சொல்றாங்கன்னா, ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் மாற்றம் எங்க போய் இடிக்குதுன்னு புரியும்.

இப்ப ஊருக்கு வர்றேன். ஹோம் மேட்ச் வருஷத்துக்கு ஆறு ஏழு. ஊருக்கு அது ஆறேழு தேர்த் திருவிழா. வியாழக்கிழமையே ஆர்வி வண்டிங்க (உள்ளயே தங்கற வீட்டு வண்டி) வர ஆரம்பிச்சிடும், சியாட்டில் பக்கத்துலேர்ந்து வர்ற ஹைவே 26 கடைசில குறுகலான ரெண்டு லேன் ரோடு, அதுல வரிசையா காருங்க, ஜன்னல்ல காலேஜ் கொடி, ஸ்பீட் ஃபைன் போட போலீஸ் காத்துட்டு இருப்பாங்க. கேம்பஸ்ல பர்மிட் வாங்கி நிறுத்தின ஸ்டூடண்ட்ஸ் தங்களோட கார எடுத்து வேற எங்கயாவது போட்டுக்கணும், பார்க்கிங் லாட் எல்லாம் டெய்ல்கேட் கூட்டத்துக்கு, அதாவது மேட்ச்சுக்கு முன்னாடி கார் பக்கத்துலயே சமைச்சு சாப்பிட்டு கொண்டாடறவங்களுக்கு. ஹோட்டல்ல ஒரு ராத்திரிக்கு ரூம் கேட்டா குடுக்க மாட்டாங்க, ரெண்டு ராத்திரி எடுத்தாதான், ரேட்டும் சாதாரண நாள் ரேட் இல்ல. கெடைக்காதவங்க மாஸ்கோல (ரஷ்யா இல்ல, ஐடஹோல இருக்கிற பக்கத்து ஊரு), லூயிஸ்டன்ல, ஸ்போகேன்ல தங்குவாங்க. காலேஜோட பால் பண்ணைல செய்யற கூகர் கோல்டுன்னு ஒரு சீஸ், தகர டப்பால அடைச்சு விக்கறது, ஊருக்குத் திரும்பறப்போ அத வாங்காம போற பழைய ஸ்டூடண்ட் ரொம்ப கம்மி, ஃபெர்டினாண்ட்ஸ் ஐஸ்கிரீம் கடைல வரிசை வெளிய வரைக்கும் நிக்கும்.

இதுல ஊர் நிர்வாகத்துக்கு என்ன லாபம்னா சேல்ஸ் டாக்ஸ். யூனிவர்சிட்டி நிலத்துக்கு சொத்து வரி கெடையாது, ஊர்லயே பெரிய எடத்த வெச்சிருக்கிறவன் வரி கட்ட மாட்டான். அதனால வெளிலேர்ந்து வந்து சாப்பிட்டு, தங்கி, டிஷர்ட் வாங்கிட்டுப் போறவங்க குடுக்கற வரி இந்த மாதிரி ஊருக்கு ரொம்ப முக்கியம். நல்ல வேளையா எட்மண்ட் ஷ்வைட்சர்னு ஒருத்தர் 1982-ல ஆரம்பிச்ச ஷ்வைட்சர் இன்ஜினியரிங் கம்பெனி இங்க இருக்கு, உலகம் பூரா பவர் கிரிடுக்கு ரிலே செஞ்சு அனுப்பறாங்க, ஆயிரக்கணக்குல வேலை. அது இல்லாம போயிருந்தா இந்தக் கதை வேற மாதிரி ஆகியிருக்கும், புல்மன் தாக்குப்பிடிக்கறதுக்கு பாதிக் காரணம் அந்தக் கம்பெனின்னுதான் நான் சொல்லுவேன்.

கான்ஃபரன்ஸ் போனதுல ஊரு எழந்தது மேட்ச் எண்ணிக்கை இல்ல, மேட்ச் அப்பவும் ஆறு, இப்பவும் ஆறு. போனது தேதியும், எதிர் டீமோட கூட்டமும். 2024 செப்டம்பர் 20, சான் ஹோசே ஸ்டேட் கூட மேட்ச், ரெண்டு ஓவர்டைம் போய் 54-52, வருஷத்தோட சிறந்த மேட்ச்கள்ல ஒண்ணு, ஆனா அது வெள்ளிக்கிழமை ராத்திரி. சியாட்டில்ல ஆஃபீஸ் போறவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படி அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வந்து சேருவான்? சனிக்கிழமை மேட்ச்னா வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி ரூம், நாலஞ்சு வேளை சாப்பாடு, வெள்ளிக்கிழமைன்னா பாதிப் பேரு டிவிலயே பாத்துக்கலாம்னு இருந்துடுவான். பேக்-12 காலத்துலயும் டிவிக்காரன் இஷ்டத்துக்குதான் நேரம் வெச்சான், மேட்ச் எத்தன மணிக்குன்னு பன்னண்டு நாளைக்கு முன்னாடி, சில சமயம் ஆறு நாளைக்கு முன்னாடிதான் தெரியும், நவம்பர் குளிர்ல ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கற மேட்செல்லாம் உண்டு. ஆனா எதிர்ல ஓரிகனோ யூஎஸ்சியோ வந்தா அவங்க ஆளுங்களும் வருவாங்க. 2024-ல ஹவாய், வயோமிங், யூட்டா ஸ்டேட் வந்தாங்க. ஹவாய்லேர்ந்து எத்தன பேரு புல்மன் வரைக்கும் வந்துருவாங்க சொல்லுங்க.

ஆப்பிள் கப் விஷயத்தையும் சொல்லணும், சியாட்டில்காரங்களோட வருஷாந்திர மோதல். முந்தியெல்லாம் பொதுவா நவம்பர் கடைசில வர்ற தேங்ஸ்கிவிங் பண்டிகை வாரத்துல நடக்கும், ஒரு வருஷம் அங்க ஒரு வருஷம் இங்க. அந்த வாரம் ஸ்டேட்ல முழு லீவு, பசங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடுவாங்க, புல்மன் வெறிச்சோடிக் கெடக்கும். அந்த ஒரு வாரத்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ காப்பாத்திட்டு இருந்தது இந்த மேட்ச்தான். 2022-ல புல்மன்ல நடந்துச்சு, பழைய கணக்குப்படி அடுத்தது 2024-ல வந்திருக்கணும், ஆனா கான்ஃபரன்ஸ் பிரிஞ்சப்பறம் போட்ட புது ஒப்பந்தத்துல அது சியாட்டில் லூமன் ஃபீல்டுக்குப் போச்சு, மாசமும் செப்டம்பர். (ஸ்டேட் 24-19னு ஜெயிச்சாங்க, கடைசில கோல் லைன்ல நிறுத்தி, அந்த திருப்தி தனி.) புல்மனுக்கு திரும்ப வந்தது 2025 செப்டம்பர் 20, செமத்தியா வாங்கினாங்க, 59-24. செப்டம்பர்ல நல்லதும் இருக்கு, வெயில் இருக்கும், ஸ்டூடண்ட்ஸ் ஊர்ல இருப்பாங்க, ஸ்டேடியம் நெறையும். ஆனா செப்டம்பர்ல எப்படியும் ஊருக்கு கூட்டம் வரும். நவம்பர் கடைசி வாரம் 2025-ல அந்த எடத்துல ஆடினது ஓரிகன் ஸ்டேட், அதே சீசன்ல ரெண்டாவது தடவ. கான்ஃபரன்ஸ்ல ரெண்டே பேருன்னா ஒருத்தரோட ஒருத்தர் திரும்பத் திரும்ப ஆட வேண்டியதுதான், மிச்ச தேதிய ரொப்ப மிசிசிப்பி, வர்ஜீனியான்னு நாடு பூரா அலைஞ்சாங்க.

கோர்ட் கத ஒண்ணு, இது எனக்குப் பிடிச்ச பகுதி. வெளிய போற பத்து பேரும் போர்டுல ஓட்டு போட்டு கான்ஃபரன்ஸையே கலைச்சு கஜானாவ பிரிச்சுடுவாங்கன்னு பயந்து, நின்ன ரெண்டு பேரும் 2023 செப்டம்பர்ல கேஸ் போட்டாங்க. எங்க? விட்மன் கவுண்டி கோர்ட்ல, கோல்ஃபாக்ஸ்ங்கற ஊர்ல, மூவாயிரம் பேரு கூட இல்லாத கோதுமை ஊரு. அவ்வளவு பெரிய டிவி கம்பெனி பணமும் லாஸ் ஏஞ்சலஸ் வக்கீலுங்களும் கடைசில இந்த ஊர் ஜட்ஜ் முன்னாடி வந்து நிக்கும்படி ஆச்சு. நவம்பர்ல தீர்ப்பு இவங்க பக்கம், அறிவிச்சுட்டுப் போறவனுக்கு போர்டுல ஓட்டு கெடையாதுன்னு. சியாட்டில்காரங்க அப்பீல் போனாங்க, டிசம்பர்ல மாநில சுப்ரீம் கோர்ட் அத எடுத்துக்கவே இல்ல, அப்பறம் செட்டில்மெண்ட். போனவங்க தங்களோட பங்குல சுமார் 65 மில்லியன விட்டுட்டுப் போனாங்க. பேரும், சீசன் கடைசில நடக்கற ரோஸ் பவுல் மாதிரி பெரிய மேட்ச்கள்லேர்ந்து வர வேண்டிய பாக்கியும், எல்லாம் இந்த ரெண்டு பேருக்கு. ரெண்டு வருஷம் மூச்சு விட நேரம் கெடச்சது இந்தக் காசுலதான்.

கீழ எறங்கினா ஊரு செத்துடுமாங்கறதுக்கு புல்மன்லேர்ந்து வெறும் 13 கிலோமீட்டர்ல பதில் இருக்கு. எல்லைய தாண்டினா மாஸ்கோ, ஐடஹோ யூனிவர்சிட்டி ஊரு. நெறைய பேருக்கு தெரியாது, ஐடஹோவும் 1922-லேர்ந்து இதே பசிபிக் கரை கான்ஃபரன்ஸ்ல இருந்துச்சு. 1950கள்ல பெரிய காலேஜுங்க பிளேயர்ஸுக்கு திருட்டுத்தனமா காசு குடுத்தது வெளிய வந்து, சண்டையாகி, 1959-ல அந்த கான்ஃபரன்ஸே கலைஞ்சு போச்சு. கலிஃபோர்னியா காலேஜுங்களும் சியாட்டில்காரங்களும் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஸ்டேட்ட அப்பவே வெளிய நிறுத்தி வெச்சு 1962-லதான் சேத்தாங்க, ஓரிகன்காரங்கள 1964-ல. ஐடஹோவ கடைசி வரைக்கும் சேக்கவே இல்ல. அதாவது 2023-ல நடந்தது புல்மனுக்கு ரெண்டாவது ரவுண்டு, முதல் ரவுண்டுல அவங்க மயிரிழைல தப்பிச்சாங்க, பக்கத்து ஊரு மாட்டிக்கிச்சு.

ஐடஹோ அதுக்கப்பறம் பிக் ஸ்கை, பிக் வெஸ்ட், சன் பெல்ட், டபிள்யூஏசின்னு வீடு வீடா ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. மேல் பிரிவுல இருக்கணும்னா சராசரி கூட்டம் 15,000 காட்டணும், அவங்க ஸ்டேடியம் கிபி டோம்ல எடமே 16,000 சொச்சம்தான். 2016-ல சன் பெல்ட் உங்க ஒப்பந்தத்த நீட்டிக்க மாட்டோம்னு சொன்னதும், அந்த காலேஜ் பிரசிடெண்ட் கீழ் பிரிவுக்கு எறங்கிக்கறோம்னு முடிவு பண்ணாரு, அந்த மாதிரி தானா எறங்கினது அவங்கதான் முதல். பழைய ஸ்டூடண்ட்ஸ் கொதிச்சாங்க. 2018-லேர்ந்து பிக் ஸ்கைல ஆடறாங்க, மொண்டானா, ஈஸ்டர்ன் வாஷிங்டன் மாதிரி பஸ்ல போற தூரத்துல எதிராளிங்க, அவங்க ரசிகர்களும் கார்லயே வருவாங்க. 2022, 2023, 2024 மூணு வருஷமும் பிளேஆஃப். லூசியானாலயும் அலபாமாலயும் போய் ஆடி தோத்துட்டு வந்தத விட டோமுக்குள்ள மொண்டானாவ எதுத்து ஆடறது மாஸ்கோ கடைக்காரங்களுக்கு நல்லதுன்னுதான் நான் நெனைக்கறேன். 2025-ல ஸ்டேட்டுக்கே தண்ணி காட்டினாங்க, 13-10னு தட்டுத்தடுமாறி ஸ்டேட் தப்பிச்சுச்சு. ஆனா ஐடஹோகிட்ட பேக்-12 காச நம்பி கட்டின கட்டடம் எதுவும் இல்ல, அந்த வித்தியாசத்த மறந்துட்டு ‘ஐடஹோ மாதிரி எறங்கிடலாமே’ன்னு பேசறவங்க கணக்கு பாக்காம பேசறாங்க.

போனவங்க எல்லாம் சொர்க்கத்துல இருக்காங்களான்னா அதுவும் இல்ல. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆரம்ப வருஷங்கள்ல முழுப் பங்குல 30 சதவீதம்தான் வாங்கறாங்க. சியாட்டில்காரங்களும் ஓரிகனும் பிக் டென்ல பாதிப் பங்குலதான் சேந்தாங்க. யூசிஎல்ஏ போனதால பெர்க்லிக்கு நஷ்டம்னு, ரெண்டும் ஒரே யூனிவர்சிட்டி சிஸ்டம்ங்கறதால, வருஷத்துக்கு 10 மில்லியன் பெர்க்லிக்கு யூசிஎல்ஏ குடுக்கணும்னு அந்த சிஸ்டத்த நடத்தற ரீஜெண்ட்ஸ் குழு சொல்லிடுச்சு, ஜீவனாம்சம் மாதிரின்னு அங்க கிண்டல் பண்றாங்க. வாலிபால் பொண்ணுங்க நியூ ஜெர்சி வரைக்கும் பறந்து போய் ஆடிட்டு வந்து மறுநாள் க்ளாஸ்ல உக்காரணும். இந்த ஒரு விஷயத்துல புல்மன் பசங்களுக்கு லாபம், 2024-லேர்ந்து ரெண்டு வருஷம் பாஸ்கெட்பால், வாலிபால் எல்லாம் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல, ஸ்போகேன் கொன்சாகா, போர்ட்லேண்டுன்னு பக்கத்துலயே.

புது பேக்-12 கணக்கு 2026 ஜூலை 1-லேர்ந்து. பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், இவங்க ரெண்டு பேரு, ஃபுட்பால்ல எட்டு, என்சிஏஏ ரூலுக்கு எட்டு வேணும். ஃபுட்பால் இல்லாம கொன்சாகாவும் சேருது. பழைய பேக்-12 காசு இதுல வராது, யாரும் அப்படி கனவு காண வேண்டாம். ஆனா புல்மன் ஹோட்டல்காரங்க பார்வைல பாத்தா பாய்ஸி ரசிகர்கள் ஹைவே 95-ல அஞ்சாறு மணி நேரத்துல கார்லயே வந்துடுவாங்க, வர்ற ஆளுங்களும் அதிகம். சிலர் டிசியூங்கற டெக்சஸ் காலேஜ உதாரணம் காட்டுவாங்க, 1996-ல சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைஞ்சப்போ அம்போன்னு நின்ன காலேஜ், மூணு லீக் மாறி 2012-ல பிக் 12-க்குள்ள போய் 2022 சீசன்ல தேசிய ஃபைனல் வரைக்கும் ஆடினாங்க. உண்மைதான், ஆனா டிசியூ இருக்கிறது ஃபோர்ட் வொர்த்ல, டாலஸ் மார்க்கெட். புல்மன கொண்டுபோய் டாலஸ் பக்கத்துல வைக்க முடியாதுல்ல.

கடைசியா, இது நம்ம பசங்க எம்எஸ் அப்ளை பண்றப்போ கேக்கற டவுட்டு: கான்ஃபரன்ஸ் போயிடுச்சே, டிகிரி மதிப்பு குறையுமா? குறையாது. ரிசர்ச் ஃபண்டு டிவி காசுலேர்ந்து வர்றதில்ல, கோதுமை ரகம் கண்டுபிடிக்கிறவங்களும் காஸ்மிக் கிரிஸ்ப் ஆப்பிள் உருவாக்கினவங்களும் கால்நடை மருத்துவக் காலேஜும் அங்கயேதான் இருக்காங்க. புல்மன் கேம்பஸ்ல ஸ்டூடண்ட் எண்ணிக்கை குறைஞ்சது நெஜம், ஆனா அது 2019-க்கு அப்பறமே எறங்க ஆரம்பிச்சாச்சு, கொரோனாவும் ஊரோட தூரமும் காரணம், ஃபுட்பால் மேல பழி போடக் கூடாது. நீங்க பாக்க வேண்டியது உங்க டிபார்ட்மெண்ட்ல ரிசர்ச் அசிஸ்டண்ட், டீச்சிங் அசிஸ்டண்ட் (ஆர்ஏ, டிஏ) போஸ்டிங் எத்தன இருக்குன்னு. அங்க சேந்தீங்கன்னா அப்பா அம்மா வந்து பாக்கறதுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஃபுட்பால் ஷெட்யூல ஒரு தடவ பாத்துடுங்க, ஹோம் மேட்ச் வார இறுதின்னா ரூம் சிக்காது, லீக் மாறினாலும் அது மட்டும் மாறல.